அந்த எர்ரர் வரியைச் சொன்னது யார்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். பைத்தானில் ஃபிளாஸ்க் வைத்து ஒரு சரக்கிருப்பு அப்ளிகேஷன் எழுதியிருக்கிறீர்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸும் அப்ளிகேஷனும் உங்கள் லேப்டாப்பிலேயே இருந்தவரை எந்தச் சிக்கலும் இல்லை. டேட்டாபேஸை ஒரு சர்வரிலும் அப்ளிகேஷனை இன்னொரு சர்வரிலும் வைத்ததும் ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ வந்தது. எதையெதையோ மாற்றியதில் அது போய் ‘பாஸ்வேர்ட் ஆதென்டிகேஷன் ஃபெயில்டு’ வந்தது. நண்பர் சொன்னபடி ‘டிரஸ்ட்’ என்று போட்டதும் உள்ளே போய்விட்டது. பத்து நாள் ஓடியபின் இப்போது ‘டூ மெனி கிளையன்ட்ஸ் ஆல்ரெடி’ என்று நிற்கிறது. மேக்ஸ் கனெக்‌ஷன்ஸை ஆயிரமாக்கு என்று அதே நண்பர் சொல்கிறார். ஒரே நேரத்தில் எத்தனை இணைப்பு இருக்கலாம் என்ற உச்ச வரம்பு அது. செய்யலாமா என்பது கேள்வி.

நீங்கள் கேட்டது ஆயிரம் என்ற எண்ணைப் பற்றி. ஆனால் மூன்று எர்ரரையும் ஒரே நோயின் மூன்று நிலைகளாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அவை வேறு வேறு. அவற்றைச் சொன்னவர்களும் வேறு வேறு. முதலாவதைச் சொன்னது போஸ்ட்கிரெஸே இல்லை, டேட்டாபேஸ் இருக்கும் மெஷினின் ஆபரேட்டிங் சிஸ்டம். இரண்டாவதைச் சொன்னது போஸ்ட்கிரெஸின் வாசல்காவல். மூன்றாவது வந்தபோது வாசல், பாஸ்வேர்டு எல்லாம் சரியாகத்தான் இருந்தது, உட்கார இடம் இல்லை, அவ்வளவுதான். பதினைந்து வருடத்துக்கு மேலாக இந்த வேலையில் இருக்கிறேன். டேட்டாபேஸ் கனெக்ட் ஆகவில்லை என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது எர்ரரின் முழு வரியைத்தான். அதைச் சொன்னது யார் என்று தெரிந்தால் பாதி வழி வந்தாயிற்று.

கனெக்ட் என்று ஒரு வரி எழுதுகிறோம், அதற்குள் நடப்பது இது. பைத்தானிலிருந்து போஸ்ட்கிரெஸோடு பேச நீங்கள் பயன்படுத்தும் டிரைவரான சைகோபிஜி2, உள்ளே லிப்பிக்யூ என்ற போஸ்ட்கிரெஸின் சொந்த லைப்ரரியைக் கூப்பிடுகிறது. அது சர்வரின் பெயரை ஐபி முகவரியாக மாற்றி, 5432 என்ற போர்ட்டுக்கு டிசிபி இணைப்பு கேட்கிறது. அது கிடைத்ததும் எட்டு பைட்டில் ஒரு சின்னக் கேள்வி போகும்: எஸ்எஸ்எல், அதாவது என்கிரிப்ட் செய்து, பேசலாமா? சர்வர் ஒரே ஒரு எழுத்தில் ஆம் அல்லது இல்லை என்கிறது. அதன்பின் யூசர் பெயர், எந்த டேட்டாபேஸ் என்ற விவரம், பாஸ்வேர்டு சோதனை, கடைசியில் ‘தயார், கேள்வியை அனுப்பு’ என்ற செய்தி. இதற்கிடையில் சர்வர் உங்களுக்கென்றே ஒரு தனி பிராசஸைக் கிளப்பியிருக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசி எர்ரருக்கு இதுதான் அடிப்படை.

சரி, முதல் எர்ரர். ‘ரெஃப்யூஸ்டு’ என்றால் உங்கள் பாக்கெட் அந்த மெஷினுக்குப் போய்ச் சேர்ந்தது, அந்த முகவரியில் அந்த போர்ட்டில் யாரும் காத்திருக்கவில்லை என்று ஆபரேட்டிங் சிஸ்டம் திருப்பி அனுப்பிவிட்டது. இந்த நிலையில் பாஸ்வேர்டை மாற்றிப் பார்ப்பது வீண்வேலை, பாஸ்வேர்டு இன்னும் உங்கள் கையைவிட்டுப் போகவே இல்லை. இதற்கு நேர்மாறானது ‘டைம்டு அவுட்’. நடுவில் ஒரு ஃபயர்வால் பாக்கெட்டை விழுங்கிவிட்டு மௌனமாக இருந்தால் அதுதான் வரும். எர்ரர் வர எடுத்துக்கொள்ளும் நேரமே போதும்: கண்ணிமைப்பதற்குள் வந்தால் ரெஃப்யூஸ்டு, லினக்ஸில் இரண்டு நிமிடத்துக்கு மேல் தொங்கிவிட்டு வந்தால் டைம் அவுட். சில ஃபயர்வால்களை விழுங்காமல் மறுத்து அனுப்பும்படியும் அமைக்கலாம். அதனால் ரெஃப்யூஸ்டு என்றாலே ஃபயர்வால் நிரபராதி என்று நூறு சதவீதம் சொல்ல முடியாது, ஆனால் பெரும்பாலும் அப்படித்தான். (லிப்பிக்யூ தானாக எந்த நேர வரம்பும் வைப்பதில்லை. கனெக்ட்_டைம்அவுட் என்று ஐந்து அல்லது பத்து விநாடி கொடுத்துவிடுங்கள், இரண்டு நிமிடம் பேஜ் சுற்றிக்கொண்டிருப்பதைவிட மேல்.)

உங்களுக்கு ரெஃப்யூஸ்டு வந்ததன் காரணம் ஏறக்குறைய நிச்சயம். போஸ்ட்கிரெஸ் நிறுவியவுடன் லிஸன்_அட்ரஸஸ் என்ற அமைப்பு லோக்கல்ஹோஸ்ட் என்றுதான் இருக்கும், தன் மெஷினுக்குள்ளிருந்து வரும் அழைப்பை மட்டும் எடுக்கும். சர்வரில் எஸ்எஸ் என்ற கட்டளையை எல்டிஎன் என்ற ஆப்ஷனோடு ஓட்டிப் பாருங்கள். 127.0.0.1:5432 என்று இருந்தால் வெளியாருக்குக் கதவு இல்லை. 0.0.0.0:5432 என்றோ அந்த மெஷினின் ஐபியோடு 5432 என்றோ இருந்தால் கதவு இருக்கிறது. இந்த அமைப்பை மாற்றினால் ரீலோட் போதாது, ரீஸ்டார்ட் வேண்டும். ஃபைலை மாற்றி ரீலோட் மட்டும் செய்துவிட்டு ‘மாற்றியும் வரவில்லையே’ என்று ஒரு மணி நேரம் தேடியவர்களில் நானும் ஒருவன்.

நீங்கள் எழுதியதில் இன்னொரு வரி இருந்தது: ‘சர்வருக்குள் போய் பிஎஸ்க்யூஎல் அடித்தால் வருகிறது, அப்ளிகேஷனுக்கு மட்டும் வரவில்லை.’ இது நிறையப் பேரைக் குழப்பும் இடம். பிஎஸ்க்யூஎல் என்பது போஸ்ட்கிரெஸின் கமாண்ட் லைன் கருவி. ஹோஸ்ட் எதுவும் கொடுக்காமல் அதை அடித்தால் அது நெட்வொர்க் பக்கமே போகாது. யூனிக்ஸ் சாக்கெட் என்ற ஒரு ஃபைல் வழியாக உள்ளே போகும். உபுண்டுவில் அந்தச் சாக்கெட் /வார்/ரன்/போஸ்ட்கிரெஸ்க்யூஎல் ஃபோல்டரில் இருக்கும். அந்த வழியில் பெரும்பாலும் பாஸ்வேர்டும் கேட்பதில்லை, லினக்ஸ் யூசர் பெயரும் டேட்டாபேஸ் யூசர் பெயரும் ஒன்றா என்று மட்டும் பார்க்கும். ஆகவே அது வேலை செய்தது என்பது டேட்டாபேஸ் உயிரோடு இருக்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. அப்ளிகேஷன் மெஷினிலிருந்து, ஹோஸ்ட், யூசர், டேட்டாபேஸ் மூன்றையும் கொடுத்து பிஎஸ்க்யூஎல் அடித்துப் பார்ப்பதுதான் உண்மையான சோதனை. மைஎஸ்க்யூஎல்லிலும் இதே வலை உண்டு: அங்கே லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதினால் சாக்கெட், 127.0.0.1 என்று எழுதினால் டிசிபி. டாக்கர் பயன்படுத்துகிறவர்களுக்கு வேறொன்று: கன்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கன்டெய்னரேதான், வெளியே இருக்கும் மெஷின் இல்லை.

அடுத்தது பாஸ்வேர்டு. ‘ஆதென்டிகேஷன் ஃபெயில்டு’ வந்தால் ஒருவகையில் நல்ல செய்தி, முகவரி, போர்ட், ஃபயர்வால் எல்லாம் தாண்டி போஸ்ட்கிரெஸின் வாய்ப்பேச்சையே கேட்டுவிட்டீர்கள். யாரை எப்படி உள்ளே விடுவது என்பது பிஜி_ஹெச்பிஏ.கான்ஃப் என்ற ஃபைலில் இருக்கிறது. அதை மேலிருந்து கீழாகப் படிக்கும். உங்கள் ஐபி, யூசர், டேட்டாபேஸ் மூன்றுக்கும் பொருந்தும் முதல் வரி எதுவோ அதோடு சரி. அந்த வரி உங்களை மறுத்தால் கீழே இன்னொரு வரி அனுமதிக்கிறதா என்று பார்க்கவே பார்க்காது. கீழே சரியான வரி எழுதி வைத்துவிட்டு, மேலே இருக்கும் பொதுவான வரியில் மாட்டிக்கொள்வது வாடிக்கை. பொருந்தும் வரியே இல்லையென்றால் செய்தி வேறு: ‘நோ பிஜி_ஹெச்பிஏ.கான்ஃப் என்ட்ரி’ என்று உங்கள் ஐபியையும் சேர்த்துச் சொல்லும். உங்களுக்கு அது வரவில்லை, ஆகவே ஒரு வரி பொருந்தியிருக்கிறது, பாஸ்வேர்டில்தான் தட்டியிருக்கிறது.

ஆனால் ‘பாஸ்வேர்டு தவறு’ என்று அது சொல்வதை அப்படியே நம்பிவிடாதீர்கள். அந்தப் பெயரில் யூசரே இல்லாவிட்டாலும், யூசர் இருந்து பாஸ்வேர்டு வைக்கப்படாமல் இருந்தாலும், வெளியே வருவது இதே வரிதான். எந்தப் பெயர்கள் இருக்கின்றன என்று வெளியாளுக்குத் துப்புக் கொடுக்கக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். உண்மைக் காரணம் சர்வரின் லாக் ஃபைலில் இருக்கும். எர்ரருக்குக் கீழே ஒரு விளக்க வரி, அந்த யூசர் இல்லை என்றோ பாஸ்வேர்டு இல்லை என்றோ சொல்லும், கூடவே ஹெச்பிஏ ஃபைலில் எத்தனையாவது வரி பொருந்தியது என்ற எண்ணையும் தரும். அந்த எண்ணைப் பார்க்கத் தெரிந்த அன்றிலிருந்து எனக்கு இந்த ஃபைலோடு சண்டை இல்லை. இதை மாற்றினால் ரீலோட் போதும். எழுத்துப்பிழையோடு ரீலோட் செய்தால் அது சத்தமில்லாமல் பழைய விதிகளையே வைத்துக்கொள்ளும், புகாரை லாக்கில் மட்டும் எழுதும். அதையும் பாருங்கள்.

பாஸ்வேர்டில் ‘@’ இருக்கிறதா என்றும் பாருங்கள். முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு அப்ளிகேஷனை மேலே ஏற்றினோம். ஹோஸ்ட் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று எர்ரர். பெயரை ஐபி முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்தான் காரணம் என்று நெட்வொர்க் ஆளை எழுப்பி, ஒரு மணி வரை அவரும் நாங்களும் மல்லுக்கட்டினோம். கடைசியில் ஒரு ஜூனியர் பையன்தான் அந்த எர்ரரைச் சத்தமாக வாசித்தான். கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொன்ன ஹோஸ்ட் பெயரின் முன்பாதியில் எங்கள் பாஸ்வேர்டின் வால் ஒட்டிக்கொண்டிருந்தது. இணைப்பை யூஆர்எல்லாக எழுதும்போது பாஸ்வேர்டு முடிந்து ஹோஸ்ட் தொடங்கும் இடத்தைக் காட்டுவது ‘@’. எங்கள் பாஸ்வேர்டின் நடுவில் இருந்த ‘@’-ஐ எல்லையாக எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஹோஸ்ட் பெயர் என்று நினைத்துவிட்டது. யூஆர்எல்லில் அதை %40 என்று எழுத வேண்டும், அல்லது ஹோஸ்ட், யூசர், பாஸ்வேர்டைத் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். பழைய மெஷின்களில் வரும் இன்னொரு விஷயம்: போஸ்ட்கிரெஸ் 14-லிருந்து பாஸ்வேர்டுகள் ஸ்கிராம் என்ற புதிய முறையில் சேமிக்கப்படுவது வழக்கமாகிவிட்டது. 10-க்கு முந்தைய லிப்பிக்யூவுக்கு அந்த முறை தெரியாது. அப்போது ‘ஆதென்டிகேஷன் மெத்தட் 10’ புரியவில்லை என்று ஒரு வினோதமான எர்ரர் வரும். டிரைவரைப் புதுப்பித்தால் தீர்ந்தது.

டிரஸ்ட் பற்றி எனக்கு இரண்டு கருத்து இல்லை. டிரஸ்ட் என்றால் பாஸ்வேர்டைச் சோதிக்காதே, சொல்லும் பெயரை நம்பு என்று பொருள். அதோடு முகவரி இடத்தில் 0.0.0.0/0, அதாவது எந்த முகவரியானாலும் சரி, என்று போட்டிருந்தால், அந்த போர்ட் இணையத்துக்குத் திறந்திருந்தால், உலகத்தில் யார் வேண்டுமானாலும் ‘நான்தான் போஸ்ட்கிரெஸ் யூசர்’ என்று சொல்லிக்கொண்டு சூப்பர் யூசராக உள்ளே வரலாம். டேட்டா போவது மட்டும் இல்லை. சூப்பர் யூசருக்கு காப்பி கட்டளை வழியாக அந்த மெஷினின் ப்ரோகிராம்களையே ஓட்டும் வசதி 9.3 பதிப்பிலிருந்து இருக்கிறது. அந்த வரியை இன்றைக்கே எடுத்துவிட்டு, அப்ளிகேஷன் சர்வரின் ஐபியோடு /32 (அந்த ஒரே முகவரி மட்டும்) சேர்த்து, அந்த ஒரு டேட்டாபேஸ், அந்த ஒரு யூசர், ஸ்கிராம்-ஷா-256 என்று எழுதுங்கள். இரண்டு சர்வருக்கும் நடுவில் இருப்பது உங்களுடைய தனி நெட்வொர்க் இல்லையென்றால் எஸ்எஸ்எல்மோடு விஷயமும் உண்டு. லிப்பிக்யூ வழக்கமாக வைத்திருப்பது ‘பிரிஃபர்’, அதாவது கிடைத்தால் என்கிரிப்ட் செய், கிடைக்காவிட்டால் பரவாயில்லை. ‘ரெக்வயர்’ என்றால் என்கிரிப்ட் கட்டாயம், ஆனால் எதிரில் இருப்பது உங்கள் சர்வர்தானா என்று சரிபார்க்காது. அதற்கு ‘வெரிஃபை-ஃபுல்’ வேண்டும்.

இனி உங்கள் உண்மையான தலைவலி. மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் வழக்கமாக 100. அதில் 3 இடம் சூப்பர் யூசருக்கென்று ஒதுக்கியிருக்கும், ஆக சாதாரண யூசருக்கு 97. அந்த மூன்று இடம் எதற்கு என்றால், இந்த மாதிரி நெரிசலில் நிர்வாகி உள்ளே போய் என்ன நடக்கிறது என்று பார்க்கத்தான். அப்ளிகேஷனையே போஸ்ட்கிரெஸ் என்ற சூப்பர் யூசராக ஓட்டுகிறவர்கள் இந்த மூன்றையும் அதற்கே தின்னக் கொடுத்துவிட்டு, பிறகு தங்களாலேயே உள்ளே போக முடியாமல் வாசலில் நிற்பார்கள். நீங்கள் அப்படி ஓட்டுகிறீர்களா என்று எழுதவில்லை. ஓட்டினால் முதலில் தனி யூசர் ஒன்றை உருவாக்குங்கள்.

ஆயிரமாக்கினால் என்ன ஆகும்? நீங்கள் செய்து பார்த்தால் சரியாகிவிட்டது போலவே தெரியும், அதுதான் இதில் இருக்கும் ஏமாற்று. மேக்ஸ் கனெக்‌ஷன்ஸை மாற்ற சர்வரை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். ரீஸ்டார்ட் செய்தால் தேங்கிக் கிடந்த பழைய இணைப்புகள் எல்லாம் அறுந்துவிடும். எண்ணை மாற்றாமல் வெறுமனே ரீஸ்டார்ட் செய்திருந்தாலும் இன்னொரு பத்து நாள் ஓடியிருக்கும். பாராட்டு மட்டும் ஆயிரத்துக்குப் போகும். பத்து நாளில் 97 நிரம்பியது என்றால், இதே வேகத்தில் ஆயிரம் நிரம்ப மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். அதற்குள் நீங்கள் வேறு வேலைக்குப் போயிருந்தால் அடுத்தவர் தலையில் விடியும். போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு இணைப்பும் ஒரு தனி பிராசஸ் என்று மேலே சொன்னேன். அது சும்மா இருந்தாலும் மெமரியில் சில எம்பி பிடிக்கும். வேலை செய்யும்போது ஒவ்வொரு வரிசைப்படுத்தலுக்கும் ஒர்க்_மெம் அளவு, வழக்கமாக 4 எம்பி, கூடுதலாக எடுக்கும். ஒரே க்வெரியில் இப்படி இரண்டு மூன்று எடுப்பதும் உண்டு. சின்ன சர்வரில் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் உண்மையிலேயே வேலை கேட்டால், எர்ரர் வருவதற்குப் பதிலாக மெஷினே படுத்துவிடும். நூறை இருநூறாக்குவது பாவமில்லை, கணக்குப் போட்டுத் தேவை என்று தெரிந்தால் நானும் செய்திருக்கிறேன். கணக்குப் போடாமல் ஏற்றுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

கணக்குக்கு முதலில் பார்க்க வேண்டியது இப்போது யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி என்ற வியூ. எர்ரர் வரும் நேரத்தில், அல்லது எண்ணிக்கை ஐம்பதைத் தாண்டும்போது, அதில் ஸ்டேட் என்ற நெடுவரிசையின்படி எத்தனை எத்தனை என்று எண்ணுங்கள். கூடவே ஸ்டேட்_சேஞ்ச் நேரத்தையும் எடுங்கள், கடைசியாக எப்போது அசைந்தது என்று அது காட்டும். ஒரு எச்சரிக்கை: க்வெரி என்ற நெடுவரிசையில் ஏதாவது எழுதியிருப்பதைப் பார்த்து ‘இந்த செலெக்ட் ஐந்து மணி நேரமாக ஓடுகிறது’ என்று பதறாதீர்கள். ஸ்டேட் ‘ஐடில்’ என்று இருந்தால் அது ஓடி முடிந்த கடைசி க்வெரி, இப்போது ஓடுவது இல்லை. இப்படிப் பதறி கில் அடித்துப் பிரச்சினையை வளர்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்த எண்ணிக்கை பொதுவாக மூன்றில் ஒரு முகத்தைக் காட்டும். பெரும்பாலானவை ‘ஆக்டிவ்’ என்றால் இணைப்பில் குற்றமில்லை. ஏதோ ஒரு க்வெரி மெதுவாகிவிட்டது அல்லது லாக்கில் (இன்னொருவர் போட்ட பூட்டில்) மாட்டியிருக்கிறது, பின்னால் வருகிறவர்கள் வரிசை கட்டுகிறார்கள். அது வேறு கதை, இங்கே வேண்டாம். ‘ஐடில் இன் டிரான்ஸாக்‌ஷன்’ நிறைய இருந்தால், டிரான்ஸாக்‌ஷனைத் தொடங்கிவிட்டு கமிட்டும் (உறுதிசெய்தல்) இல்லாமல் ரோல்பேக்கும் (ரத்து) இல்லாமல் விட்டிருக்கிறீர்கள். சைகோபிஜி2-வில் ஆட்டோகமிட் போடாவிட்டால் வெறும் செலெக்டுக்குக்கூட டிரான்ஸாக்‌ஷன் திறந்துகொள்ளும் என்பது பலருக்குத் தெரியாது. இது வெறுமனே இடத்தை அடைப்பதோடு நிற்காமல் லாக்குகளைப் பிடித்து வைத்திருக்கும், வேக்யூம் என்ற துப்புரவு வேலையைப் பழைய வரிகளைத் துடைக்கவும் விடாது. 9.6-லிருந்து ஐடில்_இன்_டிரான்ஸாக்‌ஷன்_செஷன்_டைம்அவுட் என்று ஒன்று இருக்கிறது. அதை ஐந்து நிமிடம் என்று வைத்தால் மறந்துபோனவற்றை சர்வரே வெட்டிவிடும். மூன்றாவது முகம், வெறும் ‘ஐடில்’ தொண்ணூறு, அதில் பலவும் மணிக்கணக்காக, நாள்கணக்காக அசையாதவை. நீங்கள் சொன்ன ‘பத்து நாள்’ என்ற கணக்கை வைத்து இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் உங்கள் ப்ரோகிராமையோ அந்த எண்ணிக்கையையோ நான் பார்க்கவில்லை, ஆகவே இது ஊகம் மட்டுமே.

ஊகம் சரியென்றால் எனக்கு இரண்டு இடத்தில் சந்தேகம். ஒன்று, சைகோபிஜி2-வின் ‘வித்’. பைத்தானில் ஃபைலை ‘வித்’ வைத்துத் திறந்தால் முடிவில் அதுவே மூடிவிடும். அதே பழக்கத்தில் ‘வித் கனெக்‌ஷன்’ என்று எழுதிவிட்டு, மூடிவிட்டது என்று நிம்மதியாக இருப்போம். சைகோபிஜி2-வில் அது டிரான்ஸாக்‌ஷனை மட்டும்தான் முடிக்கும், இணைப்பை மூடாது. குளோஸ் என்று நீங்கள் தனியாகச் சொல்ல வேண்டும். (சைகோபிஜி 3-ல் மாற்றிவிட்டார்கள், அங்கே மூடும்.) பிறகு எப்படிப் பத்து நாள் ஓடியது என்று கேட்பீர்கள். அந்த ஃபங்ஷன் முடிந்ததும் யாரும் அந்த மாறியைப் பிடித்துக்கொண்டிருக்காவிட்டால் பைத்தானே அதைக் குப்பையில் போடும்போது இணைப்பும் மூடிக்கொள்ளும். எங்கேயாவது ஒரு குளோபல் டிக்‌ஷனரியிலோ பிடித்துவைத்த எக்ஸெப்ஷனிலோ அது ஒட்டிக்கொண்டிருந்தால் மட்டும் தப்பித்து நிற்கும். அதனால்தான் இந்தக் கசிவு தினம் சில சொட்டு என்று மெதுவாக வரும்.

இன்னொன்று வெறும் பெருக்கல். எஸ்க்யூஎல்ஆல்கெமி என்ற பைத்தான் டேட்டாபேஸ் லைப்ரரியைப் பயன்படுத்தினால் அதன் பூல், அதாவது திறந்தே வைத்திருந்து மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் இணைப்புகளின் தொகுப்பு, அளவில் வழக்கமாக 5, நெரிசலில் இன்னும் 10 வரை திறக்கலாம், ஆக ஒரு பிராசஸுக்கு 15. அப்ளிகேஷனை ஓட்டும் ஜிகூனிகார்ன் என்ற வெப் சர்வரில் எட்டு ஒர்க்கர் வைத்திருந்தால் ஒவ்வொரு ஒர்க்கரும் தனி பிராசஸ், தனி பூல்: எட்டு பதினைந்து நூற்றிருபது. 97-ல் அது அடங்காது. கோடில் ஒரு பிழையும் இல்லாமலே ஒரு நல்ல நெரிசல் நாளில் இந்த மாதிரி எர்ரர் வரலாம். நூறைப் பார்த்து அமைத்த டேட்டாபேஸும் ஐந்தைப் பார்த்து எழுதிய அப்ளிகேஷனும் தனித்தனியாகச் சரியாகத்தான் இருக்கும், பெருக்கிப் பார்க்க ஆள் இல்லை என்பதுதான் குறை.

இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றுதான்: கோரிக்கை வரும்போதெல்லாம் புதிதாகத் திறப்பதை விட்டு, பிராசஸுக்கு ஒரு சின்ன பூல் வைத்துக்கொண்டு, அதிலிருந்து எடுத்து, வேலை முடிந்ததும், எக்ஸெப்ஷன் வந்தாலும்கூட, திருப்பிக் கொடுப்பது. எத்தனை என்று கேட்டால், போஸ்ட்கிரெஸ் வட்டாரத்தில் வெகுநாளாகப் புழங்கும் ஒரு வாய்ப்பாடு உண்டு. டேட்டாபேஸ் சர்வரின் சிபியு கோர்களின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி, டிஸ்க்குகளின் எண்ணிக்கையைக் கூட்டு. நாலு கோர் மெஷினுக்கு ஒன்பது, பத்து வரும். இது எல்லா பூல்களுக்கும் சேர்த்து மொத்தக் கணக்கு. எஸ்எஸ்டி காலத்தில் டிஸ்க் எண்ணிக்கை என்பதற்குப் பழைய பொருள் இல்லை, அதனால் இதைத் தொடக்கப் புள்ளியாக மட்டும் எடுத்துக்கொண்டு அளந்து பார்த்து ஏற்றி இறக்குங்கள். பத்து என்றால் யாரும் நம்புவதில்லை. இருநூறு பேர் பயன்படுத்துகிறார்களே என்பார்கள். இருநூறு பேரும் ஒரே மில்லிசெகண்டில் க்வெரி ஓட்டுவதில்லை. ஐந்து மில்லிசெகண்டில் முடியும் க்வெரி என்றால் ஒரே இணைப்பு விநாடிக்கு இருநூறு வேலையை முடிக்கும். ஜாவா உலகில் பலரும் பயன்படுத்தும் ஹிகாரிசிபியின் வழக்கமான பூல் அளவும் பத்துதான்.

பூல் வைத்தால் இரண்டு புதுத் தொல்லைகள் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். ஜிகூனிகார்னில் ப்ரீலோட் போட்டு, ஒர்க்கர்கள் பிரிவதற்கு முன்பே பூலைத் திறந்துவிட்டால், ஒரே சாக்கெட்டைப் பல பிராசஸ்கள் பங்குபோட்டுக்கொள்ளும். ஒருவர் கேட்ட க்வெரியின் பதில் இன்னொருவருக்குப் போகும், அல்லது எஸ்எஸ்எல்லில் ‘பேட் ரெக்கார்ட் மேக்’ என்று தலைகால் புரியாத எர்ரர் வரும். ஒர்க்கர் பிரிந்த பிறகுதான் பூலைத் திறக்க வேண்டும். அடுத்தது, காலையில் முதல் கோரிக்கை மட்டும் தோற்று, மறுபடி அழுத்தினால் சரியாவது. ராத்திரி முழுக்கச் சும்மா கிடந்த இணைப்பை நடுவில் இருக்கும் ஏதோ ஒன்று சத்தமில்லாமல் அறுத்திருக்கும். லினக்ஸின் கீப்அலைவ் வழக்கப்படி இரண்டு மணி நேரம் கழித்துத்தான் முதல்முறை தட்டிப் பார்க்கும். பல ஃபயர்வால்களுக்கும் லோட் பேலன்ஸர்களுக்கும் அவ்வளவு பொறுமை கிடையாது, சில நிமிடங்களிலேயே மறந்துவிடும். மைஎஸ்க்யூஎல்லில் சர்வரே எட்டு மணி நேரத்தில் அறுத்துவிடும். எஸ்க்யூஎல்ஆல்கெமியில் பூல்_ப்ரீ_பிங் என்பதை ட்ரூ என்று வைத்தால், எடுத்துக்கொடுக்கும் முன் ஒருமுறை தட்டிப் பார்த்துச் செத்ததை எறிந்துவிடும்.

பிஜிபவுன்ஸர் வைக்கலாமா என்றும் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். நல்ல கருவி. அப்ளிகேஷனுக்கும் போஸ்ட்கிரெஸுக்கும் நடுவில் 6432 என்ற போர்ட்டில் உட்கார்ந்துகொண்டு நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களை இருபது உண்மையான இணைப்புகளுக்குள் அடக்கும். ஆனால் அதன் பலன் முழுக்கக் கிடைப்பது, ஒரு டிரான்ஸாக்‌ஷன் முடிந்ததும் இணைப்பை வாங்கி அடுத்தவருக்குக் கொடுக்கும் டிரான்ஸாக்‌ஷன் மோடில், அங்கே செட் கட்டளை, லிஸன், செஷன் அளவிலான அட்வைஸரி லாக் போன்றவை நீங்கள் எதிர்பார்த்தபடி நடக்காது. அப்ளிகேஷன் சர்வர் ஒன்றே ஒன்று இருக்கும் உங்களுக்கு இப்போது தேவையில்லை. சர்வர்கள் நாலைந்து ஆகி, பெருக்கல் கணக்கு கைமீறும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இப்போதைக்கு டிரஸ்டை எடுத்துவிட்டு, அப்ளிகேஷனின் இணைப்பில் அப்ளிகேஷன்_நேம் என்று ஒரு பெயரைக் கொடுங்கள், அந்த வியூவில் யாருடையது எது என்று அப்போதுதான் தெரியும். இரண்டு நாள் ஓடவிட்டு, காலையிலும் மாலையிலும் ஸ்டேட் வாரியாக எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜிகூனிகார்ன் ஒர்க்கர் எத்தனை, எஸ்க்யூஎல்ஆல்கெமி இருக்கிறதா, டேட்டாபேஸ் மெஷினில் எத்தனை கோர் என்பதையும் சேர்த்து இங்கேயே எழுதுங்கள். ஐடில் எண்ணிக்கை ராத்திரியில் குறையாமல் ஏறிக்கொண்டே போனால் குளோஸ் ஆகாத இடத்தைத் தேடுவோம். ஒரு எண்ணில் போய் நின்றுவிட்டால் பெருக்கல்தான் காரணம், பூலைச் சின்னதாக்கினால் போதும்.